படம் மங்கினால் கேபிளை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வணக்கம் தம்பி. நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் 55 அங்குல 4கே டிவி வாங்கினோம். பேரன் தன் பழைய கம்ப்யூட்டரை அதோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறான். படம், பாட்டு, செய்தி எல்லாம் அதில்தான் பார்க்கிறோம். 2003 தைப்பூசத்தில் உம்பிலோ கோயிலில் என் வீட்டுக்காரர் காவடி எடுத்ததை அப்போது மினி டி.வி. (DV) கேசட்டில் பிடித்து வைத்திருந்தோம். ஒரு கடையில் கொடுத்து அதைக் கம்ப்யூட்டரில் போடும்படி மாற்றி வாங்கினேன். அவர் இப்போது இல்லை. போட்டுப் பார்த்தால், அவர் ஆடித் திரும்பும்போதெல்லாம் உடம்பு சீப்புப் பல் மாதிரி கிழிகிறது. மற்றபடி திரையின் ஓரம் வெட்டுப்படுகிறது, எழுத்து மங்கல், கறுப்பெல்லாம் சாம்பல், செய்தியில் கீழே ஓடும் வரி துள்ளுகிறது. கம்ப்யூட்டர் கடையில் கேட்டால் கேபிள்தான் கோளாறு என்றார்கள். போன வாரம் 850 ரேண்ட் கொடுத்து வாங்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. இப்போது 6,000 ரேண்டுக்கு கிராஃபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார்கள். போடலாமா? கேபிள் காசு திரும்பி வருமா?

பதில்: அம்மா, கார்டு வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன குறைகளில் ஒன்றுகூட கார்டால் வந்ததில்லை, கேபிளாலும் வந்ததில்லை. கம்ப்யூட்டரையும் டிவியையும் சேர்க்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளில் போவது எண்கள். அவை சரியாகப் போய்ச் சேரும், இல்லையென்றால் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், படம் விட்டுவிட்டு அணையும், 'சிக்னல் இல்லை' என்று வரும். கேபிள் கெட்டு எழுத்து மங்குவதோ கறுப்பு சாம்பலாவதோ கிடையாது. உங்களுக்குத் தேவையான இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சாதாரண கேபிளே போதும்.

காவடியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் பத்து நிமிட வேலை. மினி டி.வி. என்றால் டிஜிட்டல் வீடியோ. நம் தென்னாப்பிரிக்காவில் விற்ற கேமராக்கள் விநாடிக்கு 25 படம் பிடித்தன. ஆனால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாகப் பிடித்தன. முதலில் ஒரு வரி விட்டு ஒரு வரி, ஐம்பதில் ஒரு பங்கு விநாடி கழித்து இடையில் விட்ட வரிகள். பழைய குழாய் டிவி அதே வரிசையில் காட்டியதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றைய தட்டைத் திரை இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. கோபுரம் அசையாது, அதனால் அது தெளிவாக இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் சுழன்று திரும்பும்போது முதல் பாதியில் தோள் ஓரிடத்தில், அடுத்த பாதியில் தோள் இன்னோரிடத்தில். அதுதான் அந்தச் சீப்புப் பல்.

இதைச் சரிசெய்ய, பேரனை வி.எல்.சி. பிளேயரில் அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். வீடியோ மெனுவில் 'டீஇன்டர்லேஸ்' என்று இருக்கும். அதை 'ஆன்' என்றே வைக்க வேண்டும். 'ஆட்டோமேட்டிக்' என்று விட்டால் சில கோப்புகளில் வேலை செய்யாது. கீழே முறை கேட்கும், அதில் 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதை எடுங்கள். இது இரண்டு பாதியையும் பிரித்து விநாடிக்கு 50 முழுப் படமாக ஆக்கித் தரும். சீப்புப் பல் போவதோடு, கேசட்டைக் கேமராவிலேயே ஓட்டிப் பார்த்த அந்த வழுக்கலான ஓட்டமும் திரும்பி வரும். ஆள் குண்டாகத் தெரிந்தால் அங்கேயே படத்தின் அளவை 4:3 என்று மாற்றுங்கள்.

அப்படியும் போகவில்லையா? அவர் திரும்பும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போய்ப் பாருங்கள். பற்கள் எல்லாம் ஒரே தடிமனில் மெல்லிசாக இருந்தால் கோப்பு நல்ல கோப்பு, அமைப்பில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. சில பல் தடித்து, சில பல் கரைந்து இருந்தால், மாற்றிக் கொடுத்த கடைக்காரர் இரண்டு பாதியையும் பிரிக்காமலேயே படத்தின் அளவை மாற்றிவிட்டார் என்று அர்த்தம். கோப்பின் விவரத்தில் பட அளவு 720×576 என்று இருக்க வேண்டும். 640×480, 1280×720 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதை எந்த மென்பொருளாலும், எந்தக் கார்டாலும் சரியாக மீட்க முடியாது. கேசட்டிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இப்படித் தொலைந்த காவடியும் கல்யாணமும் நம் ஊரில் எத்தனையோ. மாற்றியாகிவிட்டதே என்று நாடாவைக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கோப்பு சரியில்லை என்று வருகிறார்கள். அடுத்த முறை கொடுக்கும்போது, கேமராவையும் கம்ப்யூட்டரையும் நேராகச் சேர்க்கும் ஃபயர்வயர் கேபிள் வழியாக, சுருக்காமல், டி.வி. (DV) கோப்பாகவே வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. வரும். கடைக்காரர் சின்ன கோப்பாகத் தருகிறேன் என்றால் வேறு கடை பாருங்கள். டர்பன் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், கேசட் ஓட்டும் கேமராவும் அருகிவிட்டது. தள்ளிப் போடாதீர்கள்.

ஓரம் வெட்டுப்படுவதும் எழுத்து மங்குவதும் ஒரே நோய். போன மாதம் மெர்பேங்கில் ஒரு நண்பர் வீட்டில் இதையே பார்த்தேன். திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரம் பாதிதான் தெரிந்தது, அதற்குக் கீழே இருக்க வேண்டிய தேதியைக் காணவே இல்லை. குழாய் டிவி காலத்துப் பழக்கம் இது. டிவியே படத்தை ஒரு சில சதவீதம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிடும். அப்படி இழுக்கும்போது கம்ப்யூட்டர் அனுப்பும் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் விழாமல் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. எழுத்தின் விளிம்பு கரைந்துபோகிறது. டிவியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். அதைப் போட்டதும் நண்பர் வீட்டில் தேதி முழுசாக வந்தது, எழுத்து கத்தி மாதிரி நின்றது. கம்ப்யூட்டர் பக்கம் போய்ப் படத்தைச் சுருக்கிச் சரிசெய்ய மட்டும் பார்க்காதீர்கள். அங்கே ஒருமுறை சுருங்கி, டிவியில் ஒருமுறை விரிந்து, மங்கல் இரண்டு மடங்காகும். டிவியில் அந்த எச்.டி.எம்.ஐ. இணைப்புக்குப் பெயர் வைக்க இடமிருந்தால் 'பிசி' என்று வையுங்கள். பல டிவிகள் அதற்குப் பிறகுதான் நிறத்தைக் குறைக்காமல் காட்டும். கறுப்பு மேல் சிவப்பு எழுத்து கசிவது அதோடு நிற்கும்.

கறுப்பு சாம்பலாவது கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் பேச்சு ஒத்துப்போகாததால். வெளிச்சத்தை எண்ணால் சொல்லும்போது, கம்ப்யூட்டருக்குக் கறுப்பு 0, வெள்ளை 255. டிவி உலகத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர் 16 என்று அனுப்ப, டிவி 0 தான் கறுப்பு என்று நினைத்தால் இரவுக் காட்சி வெளுக்கும். தலைகீழாக இருந்தால் தலைமுடியும் இருட்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் அமைப்பில் 'ஃபுல்', 'லிமிடெட்' என்று இரண்டு இருக்கும், டிவியில் 'பிளாக் லெவல்' என்று இருக்கும். இரண்டையும் பொருத்தமாக வைத்தால் போதும்.

துள்ளும் வரிக்குக் காரணம் 50க்கும் 60க்கும் உள்ள தகராறு. நம் ஒளிபரப்பு விநாடிக்கு 50 படக் கணக்கில் வருகிறது, கம்ப்யூட்டர் பழக்கமாக 60 அனுப்புகிறது. 50 படத்தை 60 இடத்தில் உட்கார வைக்க, விநாடிக்குப் பத்துப் படத்தை இருமுறை காட்ட வேண்டியிருக்கிறது. அதுதான் துள்ளல். விண்டோஸின் திரை அமைப்பில் மேல்நிலைப் பகுதிக்குப் போய் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். காவடி வீடியோவுக்கும் இதுவே சரி. சினிமா 24 படக் கணக்கு, அதற்கு 24 நல்லது. 'கோடி' என்ற மென்பொருளில் படத்துக்கு ஏற்பத் தானாக மாறும் வசதி இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டர் என்கிறீர்கள். எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற பழைய வகை இணைப்புக் காலத்தது என்றால் 4கே அளவில் விநாடிக்கு 30 தான் அனுப்பும், மவுஸ் அம்பு இழுபடும். அளவை 1920×1080 என்று குறைத்து 50இல் வையுங்கள், பெரிதாக்கும் வேலையை டிவி பார்த்துக்கொள்ளும். உங்கள் காவடி வீடியோவுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. 4கே படம் வேண்டுமென்றால் டிவியிலேயே உள்ள ஆப்பில் பாருங்கள்.

இப்போது காசு. அந்தக் கேபிளை நீங்களாகக் கேட்டு வாங்கவில்லை. குறையைச் சொன்னீர்கள், இதை வாங்கினால் தீரும் என்று அவர்கள் சொன்னார்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. எதற்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிய பொருள் அதற்கு உதவவில்லை என்றால் பத்து வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். போன வாரம்தான் வாங்கியிருக்கிறீர்கள், நாள் இருக்கிறது. ரசீதோடு நாளைக்கே போங்கள். பயன்படுத்தியதற்கு நியாயமான ஒரு சிறு தொகை பிடிக்கலாம், முழுப் பணத்தையும் மறுக்க முடியாது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் ஒட்டியிருப்பது சட்டத்துக்கு மேல் இல்லை. மறுத்தால் மறுப்பை எழுதி வாங்கிக்கொண்டு, கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்புட் என்ற நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

டிவி மீதும் ஒரு கண் இருக்கட்டும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்த ஆப்பில் ஒரு படம் பாருங்கள். அங்கேயும் கோடோ கறையோ தெரிந்தால் அது டிவியின் குறை. வாங்கி ஆறு மாதம் ஆகும்வரை பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, கடைக்காரருடையது இல்லை. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

கேள்வி: அண்ணா, வரவேற்பறை டிவிக்கு என்று பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: பிராசசர் எண்ணைப் பாருங்கள் தம்பி. இன்டெல் என்றால் ஐ5-6500இல் அந்த 6 தான் தலைமுறை. 4கே படங்கள் பெரும்பாலும் எச்.ஈ.வி.சி. பத்து பிட் என்ற சுருக்கு முறையில் வருகின்றன. அதைச் சிரமமில்லாமல் பிரிக்க ஏழாம் தலைமுறையாவது வேண்டும். ஆறில் பாரம் பிராசசர் தலையில் விழும், காற்றாடி இரையும், படம் தடுக்கும். ஏவி1 என்ற இன்னொரு சுருக்கு முறையும் வேண்டுமென்றால் பதினொன்றாம் தலைமுறை. விலை கொஞ்சம் குறைகிறது என்று ஆறை வாங்கிவிட்டுப் பிறகு கார்டுக்கு அலைய வேண்டாம். பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் வி.ஜி.ஏ. என்ற பழைய இணைப்பும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு இணைப்பும்தான் இருக்கும். வி.ஜி.ஏ.வில் சேர்த்தால் உண்மையிலேயே மங்கும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு குறையும் இல்லை, ஆனால் எனக்குத் தேவைப்படவில்லை. திருப்பலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

பதில்: திருப்பலாம் அம்மா. 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், 44ஆம் பிரிவு. பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. கடையில் நேரில் போய் வாங்கியிருந்தால் இந்த ஏழு நாள் உரிமை கிடையாது.