ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை: தங்கைக்குத் துணை நிற்பது எப்படி?

கேள்வி: என் தங்கைக்கு முதல் கர்ப்பம். 21ஆவது வார ஸ்கேனில் குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்றார்கள். கர்ப்பத்தை முடித்துக்கொள்ள அவளும் அவள் வீட்டுக்காரரும் முடிவெடுத்திருக்கிறார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகிறோம். கிரகணத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார் அவள் மாமியார். கூட இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வலி தொடங்கிய பிறகு எதையும் நிதானமாகக் கேட்க முடியாது. அதனால் அட்மிஷன் அன்றே பேசி முடிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

24 வாரத்துக்குள் இருப்பதால் இரண்டு டாக்டர்களின் ஒப்புதல் போதும். அதைத் தாண்டினால்தான் மருத்துவக் குழுவிடம் போக வேண்டியிருக்கும். 18 வயது நிரம்பியிருந்தால் சம்மதக் கையெழுத்து உங்கள் தங்கையுடையது மட்டுமே. கணவரிடமும் வாங்குகிற வழக்கம் உண்டு; சட்டம் அதைக் கேட்கவில்லை.

பெரும்பாலும் முதலில் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மற்ற மாத்திரைகள். பிறகு வருவது நிஜமான பிரசவ வலிதான். 'சின்னக் கருதானே, அவ்வளவா வலிக்காது' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வலிக்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். பச்சைக் குழந்தைகளோடு இருப்பவர்களுக்குப் பக்கத்தில் படுக்கை வேண்டாம் என்று வார்டு சிஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். கூட்டமான ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று உறுதியில்லை. ஓர மூலைப் படுக்கை கிடைத்தால்கூட நல்லதுதான்.

அடிக்கடி கோட்டை விடுகிற இடம் மரபணுப் பரிசோதனை. அது தேவையா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தேவையென்றால் திசு மாதிரி நார்மல் சலைனில் (உப்பு நீர்) போக வேண்டும். அவசரத்தில் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட்டால் பெரும்பாலான மரபணுச் சோதனைகளுக்கு அது உதவாது. திரும்ப எடுக்கவும் வழியில்லை. நச்சுக்கொடியைத் திசு ஆய்வுக்கு அனுப்புவது வேறு, அதற்குத்தான் ஃபார்மலின்.

குழந்தையின் உடலை என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மருத்துவக் கழிவு விதிப்படி ஆஸ்பத்திரியே அகற்றிவிடும். அடக்கம் செய்ய விரும்பினால் முன்னதாகக் கேட்டு, மயானத்தில் காட்ட வேண்டிய சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தையைப் பார்ப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. 'பார்த்தா மறக்க மாட்டா' என்று குடும்பமே தடுப்பதும் தப்பு, கட்டாயப்படுத்துவதும் தப்பு. பார்க்க விரும்பினால் மெல்லிய பருத்தித் துணியை நெற்றிவரை இறக்கித் தலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். கையும் காலும் முழுசாகத்தான் இருக்கும். முதலில் அவற்றைக் காட்டலாம். ஸ்டாம்ப் பேடும் வெள்ளை அட்டையும் கொண்டுபோனால் பாதச் சுவடு எடுத்துவிடலாம். இப்போது வேண்டாம் என்றாலும் அவள் சம்மதித்தால் இரண்டு போட்டோ எடுத்து உங்கள் போனில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்கிற தாய்மார்கள் உண்டு.

அவள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும் என்று யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், அவள் அதில் உடைந்துபோவாள். மார்பை நன்றாகத் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், தாங்க முடியாவிட்டால் கொஞ்சம் மட்டும் பீய்ச்சுவது போதும். முழுக்கப் பீய்ச்சினால் இன்னும் ஊறும். பால் வற்ற மாத்திரை இருக்கிறது, ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது, கடையில் வாங்காதீர்கள். மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என இரண்டு மணி நேரம் நனைந்தாலும், காய்ச்சல், நாற்றம் இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாமியாருக்கு: மூளையும் மண்டை ஓடும் உருவாவதற்கான நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூட வேண்டும். அது மூடாததுதான் இந்தக் குறை. கர்ப்பம் என்றே பலருக்குத் தெரியாத நேரம் அது. கிரகணம், கத்திரிக்கோல், கண்ணேறு எதற்கும் இதில் பங்கில்லை. மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 5. 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அது 72 சதவீதம் குறைந்தது. இங்கே 5 மில்லிகிராம் மாத்திரைதான் கிடைக்கும். அடுத்த கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே, டாக்டரிடம் கேட்டு ஆரம்பிக்கட்டும்.

பகுதி நர்ஸிடம் பிக்மி (அரசின் கர்ப்பப் பதிவு) பதிவில் கர்ப்பம் முடிந்ததைக் குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'எத்தனாவது மாசம்மா?' என்று போன் வந்துகொண்டே இருக்கும். அவள் வேலைக்குப் போகிறவள், இ.எஸ்.ஐ. இருக்கிறது என்றால் கருக்கலைப்புக்கு ஆறு வார உதவித்தொகை உண்டு. டாக்டர் சான்று தேவை.

'சீக்கிரம் இன்னொண்ணு பெத்துக்கலாம்' என்பதை மட்டும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிவைத்த சட்டைகளை அவளைக் கேட்காமல் எடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் 14416 டெலி மானஸுக்கு (அரசின் மனநல உதவி எண்) அழையுங்கள், தமிழில் பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றே ஸ்டான்லி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அவள் வீட்டுக்காரரையும் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். அவரை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.