பூஞ்சைக்கு வெளிச்சம் எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பச்சையம் இல்லாத பூஞ்சை ஒளியை ஏன் உணர வேண்டும்? எதைக் கொண்டு உணர்கிறது?

பதில்: உணவு தயாரிக்க அன்று, திறந்த வெளிக்கு வந்துவிட்டோமா, இது பகலா இரவா என்று அறிந்துகொள்ளவே அதற்கு ஒளி தேவைப்படுகிறது. இந்த அறிவின் பெரும்பகுதி நியூரோஸ்போரா என்னும் ரொட்டிப் பூஞ்சையிலிருந்து கிடைத்தது. அதன் சில திரிபுகளில் வித்துகள் ஆரஞ்சு நிறம் பெற்றாலும் கீழேயுள்ள இழைகள் ஒளி பட்டும் வெள்ளையாகவே நின்றதால், காரணமான மரபணுக்களுக்கு ‘ஒயிட் காலர்’ என்று பெயரிட்டனர். அவற்றுள் முதலாவது உருவாக்கும் புரதம் ஒளியை உறிஞ்சும் ஃபிளேவின் மூலக்கூறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீல ஒளியை உணரும் ஏற்பி என்பது 2002இல் உறுதியானது. அதே புரதம் பிற மரபணுக்களை இயக்கவும் செய்கிறது.

கேள்வி: பயிர்களில் சாம்பல் பூசண நோய் தரும் போட்ரைடிஸ் பூஞ்சையை வளர்த்தபோது ஒரு தட்டில் சாம்பல் நிறத் தூளும் மற்றொரு தட்டில் கறுப்பு மணிகளும் வந்தன. இது கலப்படமா?

பதில்: தட்டுகள் எங்கே வைக்கப்பட்டிருந்தன என்பதை முதலில் பாருங்கள். ஒளி கிடைத்தால் இப்பூஞ்சை கொனிடியா எனப்படும் பாலிலா வித்துகளைச் சொரியும். தொடர் இருட்டில் வைத்தால் ஸ்கிலெரோஷியா எனப்படும் கடினமான கறுப்பு மணிகளை உருவாக்கும். இம்மணிகள் குளிர்காலத்தைத் தாண்டுவதற்கான உறக்கநிலை உறுப்புகள் மட்டுமல்ல, பாலினப் பெருக்கத்தில் தாய்ப் பங்கு வகிப்பவையும் அவையே. டி4 என்னும் ஆய்வு வகையில், ஒளிக்கேற்ப வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வெல்1 மரபணு பழுதுபட்டிருப்பதால், அது இருட்டிலும் கொனிடியாவையே உண்டாக்குகிறது. ஆய்வாளர்கள் இத்தகையவற்றைக் ‘குருட்டு’ வகைகள் என்பர். பார்வை போனதால் வித்துகளுக்குக் குறைவில்லை, ஆனால் மணிகள் இல்லாததால் தாயாகும் வாய்ப்பு போய்விடுகிறது.

கேள்வி: ஒளியுணர் மரபணுவை நீக்கினால் நோய் உண்டாக்கும் திறன் போய்விடுமா?

பதில்: பூஞ்சைக்குப் பூஞ்சை விடை மாறுகிறது. மக்காச்சோளத்தில் சாம்பல் இலைப்புள்ளியை உண்டாக்கும் செர்கோஸ்போராவில் ஒயிட் காலருக்கு இணையான மரபணுவைச் சிதைத்தபோது, இலைத்துளையை நோக்கி வளைந்து சென்று உள்ளே நுழையும் ஆற்றல் அதன் இழைகளிடம் குன்றியது. ஆனால் தக்காளியில் வாடல் நோய் தரும் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரமில் அம்மரபணுவை நீக்கிய பிறகும் செடி நோயுற்றது. மண்ணிலிருந்து வேர் வழியே செடிக்குள் நுழையும் பூஞ்சைக்கு வெளிச்சம் அவ்வளவு முக்கியமில்லை என்பது என் ஊகம். ஆகவே ஒரு பூஞ்சையின் முடிவை இன்னொன்றுக்குப் பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும்.

கேள்வி: நெல் குலை நோய்க்கும் இது பொருந்துமா?

பதில்: ஓரளவு பொருந்தும். பூஞ்சை இலையில் பட்டவுடன் வரும் இருட்டுப் பொழுது நோய் பற்றுவதற்கு இன்றியமையாதது. இடைவிடாத ஒளியில் நோய் வெகுவாகக் குறைகிறது. வித்துகள் உதிர்வதையும் நீல ஒளி தடுக்கிறது.

கேள்வி: பசுமைக்குடில் விவசாயிக்கு இதனால் என்ன பயன்?

பதில்: போட்ரைடிஸ் வித்துகள் பெருகுவதற்குப் புற ஊதாக் கதிரின் நீண்ட அலைகள் உதவுவதால், அவற்றை வடிகட்டும் கூரைத்தாள் வித்து உற்பத்தியைக் குறைக்கும். அதே தாள் கத்தரிக்காயின் ஊதா நிறத்தை வெளிறச் செய்யும், பூவைத் தேடும் தேனீக்களையும் தடுமாறவைக்கும். இன்னொரு முறை, ஸ்ட்ராபெர்ரியில் வரும் சாம்பல் நோய்க்கு இரவில் குறுகிய அலைப் புற ஊதா விளக்கைக் காட்டுவது. (பெயர் ஒத்திருந்தாலும் இது போட்ரைடிஸ் அன்று, வேறு பூஞ்சை.) ஒளியால் இயங்கும் நொதியான ஃபோட்டோலையேஸ் நீல ஒளி இருந்தால்தான் புற ஊதாக் கதிரால் சிதைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் என்பதால், இரவு விளக்கு பூஞ்சைக்கு அந்த வாய்ப்பைத் தருவதில்லை, பகலில் காட்டினால் அதே அளவு கதிர் பெரிதும் வீணாகும்.