மருந்து போலியில்லை, போட்டது தாமதம்

ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பியபோது, கொசுவை முட்டையிட ஈர்த்து அந்த முட்டைகளை அழிக்கும் முட்டைப் பொறியாக வைத்த கறுப்பு வாளியில் காற்புள்ளி வடிவில் ஏதோ துள்ளியதாகவும், கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தான பிடிஐ (Bti) போட்டும் சாகவில்லை, மருந்து போலியோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவை கூட்டுப்புழுக்கள். அந்தப் பாக்டீரியாவின் நச்சுப் படிகங்களைத் தின்றால்தான் புழுவின் குடல் சிதையும். கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை.

தண்ணீரை இன்றே காய்ந்த மண்ணில் கொட்டுங்கள், சாக்கடையில் வேண்டாம். உட்சுவரை நாரால் அழுத்தித் தேயுங்கள். நீர்மட்டத்தை ஒட்டி மிளகுத்தூள் தூவியதுபோல் இருப்பவை டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொசு முட்டையிட வாளிக்குள் வைத்த துணியில் உள்ள முட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, துணியைக் கொதிநீரில் போடுங்கள்.

இனி தண்ணீர் ஊற்றும்போதே மருந்தைக் கலந்துவிடுங்கள். அளவு உறையில் இருக்கும். கொசு வராமல் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள், பிரேசிலின் ரெசிஃபி நகரில் இப்படித்தான் பொறி வைத்தார்கள். நிழலான மூலை நல்லது. வெயிலில் மருந்தின் வீரியம் சீக்கிரம் போய்விடும். மொட்டைமாடியில் வைத்து நானும் ஏமாந்திருக்கிறேன். மழையில் வழியாமலிருக்கப் பக்கவாட்டில் ஒரு துளை போடுங்கள். பூந்தொட்டித் தட்டுகளையும் கவிழ்த்துவிடுங்கள், அங்கே தண்ணீர் நின்றால் கொசு உங்கள் வாளியைத் தேடி வராது.