கேம் வந்தாச்சு, மீதி பேட்ச்ல வரும்!

கேள்வி: அண்ணே, முழு காசு குடுத்து ஒரு புது கேம் வாங்கினேன், முதல் நாளே ஒரு பெரிய பேட்ச் (தப்ப திருத்துற அப்டேட்) இறக்கச் சொல்லுது, ராத்திரி பூரா இறக்கி காலைல ஆடினா ஹீரோ தரைக்குள்ள புதைஞ்சு போறான். முடிக்காமலே வித்துடுறாங்களா, இல்ல என் நேரமா?

பதில்: உங்க நேரம்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. முடிக்காம விக்கிறாங்க, எல்லாரும் இல்ல, ஆனா பெரிய பெரிய கம்பெனிங்களே செய்யுது. கேம் முடிஞ்சப்புறம் தேதி குறிக்கிறதில்ல, தேதி குறிச்சுட்டு அதுக்குள்ள எவ்ளோ முடியுதோ அதுதான் கேம். விளம்பரம் போட்டாச்சு, ப்ரீ ஆர்டர்னு முன்கூட்டியே வாங்கின காசு கைக்கு வந்தாச்சு, டிசம்பர் சீசனை விட்டா அந்த வருஷக் கணக்கே அடிவாங்கும், அப்புறம் யாரு நிறுத்துவா?

சைபர்பங்க் 2077 கதைய எடுத்துக்கோங்க. 2020 ஏப்ரல்ல வரவேண்டியது, செப்டம்பர்னாங்க, நவம்பர்னாங்க. அக்டோபர் ஆரம்பத்துல "கோல்டு போயாச்சு"ன்னு அறிவிச்சாங்க, அதாவது டிஸ்க் அடிக்கிறதுக்கான காப்பி ரெடி. எல்லாரும் கைதட்டி முடிக்கல, அதே மாசக் கடைசில திரும்பவும் தள்ளிட்டாங்க! ஒருவழியா டிசம்பர் 10 வந்துச்சு, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் மாதிரி பழைய கேம் பெட்டி வச்சிருந்தவங்க பாடுதான் திண்டாட்டம், கிராஷ் மேல கிராஷ். ஒரு வாரத்துல பிஎஸ்4 கம்பெனி சோனியே தன்னோட ஸ்டோர்லேர்ந்து தூக்கிருச்சு, திரும்ப வச்சது 2021 ஜூன்ல. அப்புறம் நல்லா சரிபண்ணிட்டாங்க, 2023ல வந்த 2.0 அப்டேட்டுக்கு அப்புறம் ஆடினவங்க புகழ்றாங்க. ஆனா முதல் நாள் முழு விலை குடுத்தவன் யாரு, ஓசி டெஸ்டரா?

கேள்வி: டெஸ்டிங் பண்றவங்க தூங்கிட்டாங்களா?

பதில்: அவங்கள திட்டாதீங்க ப்ளீஸ். நீங்க பாக்குற தப்புல, அதாவது பக்ல, பாதிக்கு மேல அவங்க லிஸ்ட்ல ஏற்கனவே இருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். லிஸ்ட்ட வச்சு பேரம் நடக்கும், கேமே நின்னுபோனா, சேவ் ஃபைல் அழிஞ்சா அத உடனே பாரு, ஹீரோ தரைக்குள்ள போறானா, பேட்ச்ல பாத்துக்கலாம். மீதி நிஜமாவே யாருக்கும் தெரியாதது, ஏன்னா பிசின்னா ஆளுக்கொரு கிராஃபிக்ஸ் கார்டு, ஆளுக்கொரு டிரைவர் சாஃப்ட்வேர், ஆபீஸ்ல சில நூறு பேர் மாசக்கணக்குல ஆடினத லட்சம் பேர் முதல் மணி நேரத்துலயே தாண்டிருவாங்க.

கேள்வி: கேமை கேட்ரிட்ஜ்ல, அதாவது சொருகி ஆடுற டப்பால, வித்த காலத்துல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சே?

பதில்: யாரு சொன்னா? பாக்மேன்ல 256வது லெவல் போனீங்கன்னா பாதி ஸ்க்ரீன் குப்பையாயிரும், அதுக்கு மேல போகவே முடியாது. அடாரியோட ஈ.டி. கேம் 1982 கிறிஸ்துமஸுக்கு வந்தே ஆகணும்னு சுமார் அஞ்சே வாரத்துல பண்ணது, விக்காத கேட்ரிட்ஜ லாரில ஏத்திட்டுப் போய் நியூ மெக்சிகோ குப்பை மேட்டுல புதைச்சாங்க, 2014ல தோண்டியும் எடுத்தாங்க. அவசரம் அப்பவும் இருந்துச்சு. ஆனா அப்ப தப்பு போனா போனதுதான், திருத்த வழியே இல்ல, அந்த பயம் இருந்துச்சு. இன்டர்நெட் வந்து அந்த பயத்த எடுத்துருச்சு.

கேள்வி: அப்போ எர்லி ஆக்சஸ்னு முடியறதுக்கு முன்னாடியே விக்கிறதும் இதே ஏமாத்து தானே?

பதில்: இல்ல, அங்க "இது அரைவேக்காடு"ன்னு முன்னாடியே சொல்லித்தான் விக்கிறாங்க. பால்டர்ஸ் கேட் 3 கிட்டத்தட்ட மூணு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு, 2023 ஆகஸ்ட்ல முழுசா வந்தப்போ அது நல்லதாத்தான் போச்சு. பாதில விட்டுட்டு ஓடினவங்களும் உண்டு, பாத்து வாங்குங்க.

கேள்வி: ரீஃபண்டு கிடைக்குமா?

பதில்: ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா குடுப்பாங்க. என் அனுபவத்துல முதல் ரெண்டு மணி நேரத்தத்தான் நல்லா பாலிஷ் போட்டு வச்சிருப்பானுங்க, உஷார்.

கேள்வி: கடைசியா ஒண்ணு, ப்ரீ ஆர்டர் போடலாமா?

பதில்: டவுன்லோடு பண்ற கேமுக்கு என்ன ஸ்டாக்கா தீந்துரப் போகுது, எதுக்கு முந்திக்கிட்டு? இதையே பத்து பேருக்கு சொல்லிட்டு போன மாசம் நான் ஒண்ணு போட்டேன். முதல் லெவல்ல ஒரு கதவு இருக்கு, இன்னும் திறக்கல.