ஃபோர்ட் ஸ்டாக்டனில் ஊற்று எங்கே போனது?

வரைபடத்தில் 'கமான்சி ஸ்பிரிங்ஸ்' என்று பார்த்துப் போனேன், நீச்சல் குளம் மட்டும்தான் இருந்தது, தவறான இடத்துக்குப் போய்விட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் சரிதான், ஊற்றுதான் வற்றிவிட்டது.

மேற்கு டெக்சாஸின் அந்த வறண்ட நிலத்தில் இந்த ஊற்று அளவுக்குத் தண்ணீர் அந்தக் காலத்தில் சுலபத்தில் கிடைக்காது. கமான்சி பழங்குடி மக்கள் மெக்சிகோவுக்குப் போகும் வழி, சான் அன்டோனியோ–எல் பாசோ வண்டிப் பாதை, எல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தன. 1859-இல் ராணுவம் முகாம் போட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1867-இல் ராணுவம் திரும்பி வந்தது, இந்த முறை கறுப்பினக் குதிரைப்படையான 9-ஆம் படைப்பிரிவு. கோட்டையைச் சுற்றி ஊர், ஊற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலை நம்பி வயல்.

1950-களில் ஊருக்கு மேற்கே பெரிய பண்ணைகள் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைக்க ஆரம்பித்தன. வாய்க்கால் விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம் என்பது அன்றைய டெக்சாஸ் சட்டம், அதனால் 1954-இல் தோற்றார்கள். (எனக்கு இன்னும் ஜீரணமாகாத தீர்ப்பு.) 1961 வாக்கில் ஊற்று நின்றேபோனது. நீங்கள் பார்த்த குளம் அதன் வாயில்தான் இருக்கிறது.

அடுத்த முறை குளிர்காலக் கடைசியில் போய்ப் பாருங்கள். பாசனப் பம்புகள் ஓய்ந்திருக்கும் அந்த மாதங்களில், சில ஆண்டுகளில் தண்ணீர் மறுபடி எட்டிப் பார்க்கிறது.