குண்டு போகட்டும், முள் மிஞ்சட்டும்

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கடற்பாலத்திலிருந்து தூண்டில் போட்டால் ஈயக்குண்டு பாறையில் சிக்கி, முள்ளும் சேர்ந்து போகிறது. என்ன செய்யலாம்? உரிமம் வேண்டுமா?

பதில்: குண்டை முதன்மைத் தூண்டில் நரம்பிலேயே (இழையிலேயே) கட்டுவதுதான் தவறு. அது 20 பவுண்டு தாங்குமென்றால், குண்டை 8 பவுண்டு நரம்பில் ஒரு சாண் கீழே தொங்கவிடுங்கள். சிக்கினால் குண்டு மட்டும் அறும். ஆனால் சாட்டைபோல் சுண்டி வீசாதீர்கள். குண்டு அறுந்து பறந்தால் யார் தலையோ! பெர்ச் மீனுக்கு வீசவே வேண்டாம், தூணோரமாக நேரே இறக்குங்கள். நீரோட்டம் வலுத்தால் குண்டு உருண்டு சிக்கும். கடல் ஏற்றம் முடிந்து நீர் ஓடாமல் நிற்கும் வேளை நல்லது.

பொதுக் கடற்பாலத்தில் உரிமம் தேவையில்லை. கரையிலிருந்து பிடிக்க, 16 வயது ஆனவர்களுக்குத் தேவை. டஞ்ஜனஸ் நண்டு ஏறினால் உடனே விட்டுவிடுங்கள். விரிகுடாவுக்குள் அதைப் பிடிக்கத் தடை.