லினக்ஸில் ஒலி வரவில்லையா? எந்த மதகில் நிற்கிறது என்று பார்ப்போம்: கேள்வி-பதில்

வேலந்தாவளம் தொடங்கி மீனாட்சிபுரம் வரையிலான கேரள எல்லை ஊர்களிலிருந்தும், மூணாறு, தேவிகுளம் பக்கத்திலிருந்தும் இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குறையைச் சொல்கின்றன. லினக்ஸ் கணினி நன்றாக ஓடுகிறது, ஒலி மட்டும் இல்லை. கடையில் கொடுத்து ‘ஃபார்மட்’ அடித்து, பாடக் கோப்புகளை இழந்து, ஒலியும் திரும்பாமல் எழுதியிருப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் ஆழியாற்று அணையைக் குறை சொல்வதற்கு முன் வழியிலுள்ள மதகுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம் அல்லவா? ஒலிக்கும் அதே முறைதான். அடியில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ‘ஆல்சா’ ஒலி அட்டையை அடையாளம் காண்கிறது. அதன் மேல் ‘பல்ஸ்ஆடியோ’ அல்லது ‘பைப்வயர்’ பல செயலிகளின் ஒலியைக் கலந்து உரிய வெளியீட்டுக்கு அனுப்புகிறது. உலாவியும் வீடியோ பிளேயரும் அதற்கும் மேலே இருக்கின்றன. எந்த அடுக்கில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில், கேரளப் பள்ளிகளுக்கான கைட் க்னூ/லினக்ஸ் 22.04 உள்ளது. ப்ரொஜெக்டரில் பாடம் காட்டத் தொடங்கியதிலிருந்து ஸ்பீக்கரில் ஒலி வருவதில்லை. வால்யூம் முழுமையாகவே இருக்கிறது. (தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை)

பதில்: ஒலி போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் ப்ரொஜெக்டருக்குப் போகிறது. எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் சுமந்து செல்வதால், அதைச் செருகியதும் கணினி அதையே வெளியீடாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ப்ரொஜெக்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் வகுப்பில் அமைதிதான். செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தைத் திறந்து, அவுட்புட் என்ற இடத்தில் எச்டிஎம்ஐக்குப் பதிலாக ஸ்பீக்கரையோ ‘லைன் அவுட்’டையோ தேர்ந்தெடுங்கள். உங்கள் கணினியில் பட்டியல்கள் மலையாளத்தில் இருந்து, மாணவர்களுக்கு வாசிக்கச் சிரமமாக இருந்தால், ஸ்பீக்கர் படம் போட்ட பக்கத்தைத் தேடச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியலில் ஸ்பீக்கரே காணப்படவில்லையென்றால் ‘பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்’ என்ற செயலியை நிறுவி, அதன் கடைசித் தாவலான கான்ஃபிகரேஷனில் ‘டிஜிட்டல் ஸ்டீரியோ எச்டிஎம்ஐ’ என்றிருப்பதை ‘அனலாக் ஸ்டீரியோ’ என்று மாற்ற வேண்டும். இத்தனைக்கும் முன்பாக மேசையின் பின்பக்கம் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்பீக்கர் வயர் பச்சை நிறத் துளையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் கழற்றி மாட்டும்போது அது பக்கத்திலுள்ள இளஞ்சிவப்பு மைக் துளைக்குப் போய்விடுவதைப் பல ஆய்வகங்களில் கண்டிருக்கிறேன்.

கேள்வி: இயர்போனில் பாட்டு கேட்கிறது. அதைக் கழற்றினால் மடிக்கணினியின் ஸ்பீக்கர் பேசுவதில்லை. ஸ்பீக்கர் போய்விட்டதா? (கல்லூரி மாணவர், மூணாறு)

பதில்: ஸ்பீக்கர் போயிருக்கும் என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலைத் திறந்து ‘ஆல்சாமிக்சர்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். பலர் இங்கேயே ஏமாந்துவிடுகிறார்கள். முதலில் தெரியும் திரையில் ‘மாஸ்டர்’ என்ற ஒரே ஒரு பட்டை மட்டும் நிற்பதைப் பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாக எண்ணி மூடிவிடுகிறார்கள். எஃப்6 விசையை அழுத்தி உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர் என்று பட்டைகள் வரிசையாக விரியும். ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் ‘எம்எம்’ என்றிருந்தால் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இட வல அம்புக்குறி விசைகளால் ஸ்பீக்கர் பட்டைக்கு நகர்ந்து, ‘எம்’ விசையை ஒருமுறை அழுத்தினால் அந்த எழுத்துகள் இரண்டு சுழியங்களாக மாறும். பிறகு மேல் அம்பால் அளவை ஏற்றிக்கொள்ளலாம்.

அங்கே அடைப்பு இல்லையென்றால் இயர்போன் துளையைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் ஊரின் ஈரமும் பனியும் அந்தத் துளைக்குள் இருக்கும் மெல்லிய உலோக நாக்கில் களிம்பு பிடிக்கச் செய்துவிட்டால், இயர்போனைக் கழற்றிய பிறகும் அது செருகியிருப்பதாகவே கணினி நம்பிக்கொண்டிருக்கும். கணினியை அணைத்துவிட்டு, இயர்போன் முனையைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாகச் செருகி எடுங்கள். சென்ற மழைக்காலத்தில் மலையிலிருந்து என்னிடம் வந்த ஒரு மடிக்கணினி இந்த ஒரே வேலையில் சரியாயிற்று. அப்படியும் திருந்தாவிட்டால், ஆல்சாமிக்சரில் ‘ஆட்டோ-மியூட்’ என்பதை ‘டிசேபிள்டு’ ஆக்கி, சவுண்ட் பக்கத்தில் ஸ்பீக்கரை நீங்களே தேர்ந்தெடுத்து, துளையை மாற்றும் வரை சமாளிக்கலாம். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், அங்கிருந்து ரீஸ்டார்ட் செய்து வராமல், முழுவதுமாக அணைத்துவிட்டு லினக்ஸைத் தொடங்கிப் பார்ப்பதும் நல்லது.

கேள்வி: புதிய மடிக்கணினியில் என்னிடமிருந்த டெபியன் 11 லினக்ஸ் பென்டிரைவைக் கொண்டு நிறுவினேன். சவுண்ட் பக்கத்தில் ‘டம்மி அவுட்புட்’ மட்டுமே உள்ளது. (அட்சயா இ-சேவை மையம் நடத்துபவர், சித்தூர் வட்டம்)

பதில்: ஒலியை அனுப்ப எந்த அட்டையும் கிடைக்காதபோது மேலடுக்கு வைத்துக்கொள்ளும் போலி வெளியீடே அது. ஆகவே உங்கள் அடைப்பு அடி மதகில் இருக்கிறது. அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலியைக் கவனிப்பதற்கென்று தனிச் செயலி ஒன்று உண்டு. அதற்கு ‘சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர்’ என்ற மென்பொருளைக் கணினி தொடங்கும்போதே ஊட்ட வேண்டும். கெர்னல் செய்திகளில் ‘சோஃப் ஃபர்ம்வேர்’ கோப்பைக் காணவில்லை என்ற வரி இருந்தால் காரணம் இதுதான்.

டெபியன் 11இன் வழக்கமான நிறுவல் வட்டில் இத்தகைய ஃபர்ம்வேர்கள் சேர்க்கப்படவில்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ வட்டிலேயே அவை வருகின்றன. ஆகையால் பழைய பென்டிரைவை வைத்துவிட்டு, 12ஐயோ அதற்குப் பிந்தையதையோ நிறுவுவதே என் பரிந்துரை. புதிய வன்பொருளுக்குப் புதிய கெர்னலும் கிடைத்துவிடும். ‘ஃபார்மட்’ வேண்டாம் என்று எப்போதும் சொல்லும் நான் மறுநிறுவலைச் சொல்வது இந்த ஓர் இடத்தில்தான். அது முடியாதென்றால் டெபியனின் ‘நான்-ஃப்ரீ’ மென்பொருள் களஞ்சியத்தை இயக்கி, ‘ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு’ தொகுப்பை நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள். அந்தத் தனிச் செயலியைப் புறக்கணித்து ஒலியைப் பெறும் கெர்னல் அமைப்பு ஒன்றையும் சிலர் சொல்வார்கள். அதில் ஸ்பீக்கர் பேசினாலும் உள்ளமைந்த மைக் பெரும்பாலும் செயல்படாது என்பதால், வீடியோ அழைப்புகள் நடக்கும் உங்கள் மையத்துக்கு அது பொருந்தாது.

கேள்வி: அப்டேட் செய்த மறுநாளிலிருந்து ஒலி இல்லை. என்ன செய்வது? (மாணவி, மறையூர்)

பதில்: கணினி தொடங்கும்போது ‘ஷிஃப்ட்’ அல்லது ‘எஸ்கேப்’ விசையால் க்ரப் என்ற தொடக்கப் பட்டியலை வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகப் பழைய கெர்னலில் நுழைந்து பாருங்கள். ஒலி திரும்பினால் குறை புதிய கெர்னலின் டிரைவரில் இருக்கிறது. அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே வேலை செய்யலாம்.

திரும்பாவிட்டால் நடு அடுக்கை மறுதொடக்கம் செய்ய வேண்டும், ஆனால் உங்களிடம் இருப்பது எது என்று முதலில் அறிய வேண்டும். உபுண்டு லினக்ஸில் 22.04 வரை இயல்பாக இருந்தது பல்ஸ்ஆடியோ, 22.10 முதல் பைப்வயர். முன்னதற்கு ‘பல்ஸ்ஆடியோ -கே’ என்ற கட்டளை போதும். பின்னதற்கு ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்ப்ளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ்’ என்று கொடுக்க வேண்டும். எதிலும் நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’வைச் சேர்க்க வேண்டாம். இவை உங்கள் பயனர் கணக்கில் ஓடுபவை. புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கி அதில் ஒலி கேட்கிறதா என்றும் சோதியுங்கள். கேட்டால், கெட்டுப்போயிருப்பது உங்கள் கணக்கிலுள்ள அமைப்புக் கோப்புகள் மட்டுமே.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாக இருக்கிறது, இணைய வகுப்பு தொடங்கியதும் பழைய தொலைபேசி போல் மங்கிவிடுகிறது. (வாசகர், தேவிகுளம்)

பதில்: ஹெட்செட்டின் மைக்கை இயக்கியதும் இணைப்பு இசைக்கான ‘ஏ2டிபி’யிலிருந்து உரையாடலுக்கான முறைக்கு மாறிவிடுகிறது. கணினியின் உள் மைக்கை உள்ளீடாகத் தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டை ஏ2டிபியிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பார்வையற்ற என் தம்பிக்குத் திரைவாசிப்பான் வைத்திருக்கிறோம். சிறிது நேரம் அமைதியாக இருந்த பிறகு, ஒவ்வொரு முறையும் முதல் சொல் விழுங்கப்படுகிறது. (வாசகி, பாறசாலை)

பதில்: உங்கள் தம்பிக்கு முதல் சொல்தான் வழிகாட்டி என்பதால் இதை உடனே சரிசெய்து கொடுங்கள். மின்சாரத்தைச் சேமிக்க, பயன்பாடு இல்லாதபோது ஒலி அட்டை உறங்கிவிடுகிறது. விழிப்பதற்குள் முதல் அசைகள் கடந்துபோகின்றன. ‘எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல்’ டிரைவரின் ‘பவர்_சேவ்’ மதிப்பை, டிரைவர்களுக்கான மோட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் 0 என்று எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள். ‘டிஎல்பி’ என்ற மின்சேமிப்புச் செயலி நிறுவப்பட்டிருந்தால் அதன் அமைப்பிலும் ஒலிக்கான மின்சேமிப்பை 0 ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய மதிப்பைத் திரும்ப எழுதிவிடும். அதன் பின்னும் சொல் விழுங்கப்பட்டால், பைப்வயர் உள்ள கணினிகளில் வயர்ப்ளம்பரும் 5 விநாடி அமைதிக்குப் பின் வெளியீட்டை நிறுத்திவைக்கிறது என்பதால், அதன் ‘சஸ்பெண்ட் டைம்அவுட்’ மதிப்பையும் 0 ஆக்குங்கள். பேட்டரி சற்று விரைவாகக் குறையும். தம்பியின் மேசையருகே சார்ஜர் செருகும் இடம் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.